பல் பிடுங்கிய பின் மூன்று நாள்

பல் போனால் சொல் போகும் என்பது நம்மவர் வழக்கு. சென்ற ஆண்டிலே எனக்குக் கீழ்த்தாடையின் ஞானப்பல் ஒன்று போயிற்று. சொல் போகவில்லை, ஆனால், எங்கள் வீட்டு அடுப்பங்கரையின் ஒழுங்கு முழுவதும் போயிற்று. பல் வைத்தியர் செய்த வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வீட்டில் நான் செய்த பிழைகளுக்குப் பத்து நாள் தண்டனை அனுபவித்தேன். அந்தத் தண்டனை உங்களுள் எவருக்கும் வராதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே இன்று இவ்விடயத்தைப் பேச எடுத்துக்கொண்டேன்.

ஞானப்பல் பெரும்பாலும் பதினேழு வயதிற்கும் இருபத்தைந்து வயதிற்கும் இடையில் முளைப்பது. மற்றைப் பற்களெல்லாம் இடம் பிடித்துக்கொண்ட பின் கடைசியாக வருவதால், பலருடைய தாடையில் அதற்குப் போதிய இடம் இருப்பதில்லை. அது சாய்ந்தும் கிடந்தும், பாதி முரசுக்குள் மறைந்தும் நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் உணவுத் துணுக்குகள் சிக்கி, முரசு வீங்கி நோகும். அப்படியான பல்லை எடுக்க வைத்தியர் முரசைக் கீறி, சில வேளைகளில் எலும்பையும் சிறிது நீக்கி, பல்லைத் துண்டுகளாக்கி எடுத்துத் தையல் இடுகிறார். ஆகவே, இது சாதாரணமாகப் பல் பிடுங்குவதன்று. ஒரு சிறு சத்திர சிகிச்சையே ஆகும்.

பல் இருந்த குழியிலே இரத்தம் உறைந்து நிற்கிறது. கொதித்தாறிய பாலின் மேல் ஆடை படிவதுபோல அது குழியை மூடிக் காக்கிறது. அதன் அடியிலேதான் புதுச்சதை வளர வேண்டும். ஆடையைக் கரண்டியாற் கலைத்துவிட்டால் பால் திறந்து கிடக்கும் அல்லவா? அதுபோல, உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, காற்றும் உணவும் அதிற் படும். அதனால் உண்டாகும் நோவு காதுவரை ஏறும்.

நான் செய்த பிழை இதுதான். அன்று மாலை வாயில் இரத்தச் சுவை இருந்தது. சுத்தமாய் இருப்பது நல்லதென்று எண்ணி, ஐந்தாறு தடவை பலமாகக் கொப்பளித்துத் துப்பினேன். மறுநாள் இளநீரைக் குழலால் உறிஞ்சிக் குடித்தேன். வைத்தியர் தந்த கடுதாசியில் இவை இரண்டும் கூடாதென்று எழுதப்பட்டிருந்தது. நான் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேனே அன்றி வாசிக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு நோவினால் உறக்கமே இல்லை. மறுநாட் காலையில் வைத்தியர் வெறுங்குழியைக் கழுவி, மருந்திட்ட துணியை வைத்து அடைத்த பின்னரே ஆறுதல் கிடைத்தது.

இனி, செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்லுகிறேன். வைத்தியர் வைத்துவிடும் துணியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இறுகக் கடித்திருத்தல் வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தலாகாது. விறைப்பு நீங்கச் சில மணி நேரமாகும். அதுவரை ஒன்றும் மெல்லாதிருப்பது நல்லது, கன்னத்தையும் நாக்கையும் அறியாமற் கடித்துவிட நேரும். முதல் இருபத்துநாலு மணி நேரம் கொப்பளித்தல், துப்புதல், குழலால் உறிஞ்சுதல் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். அதற்குப் பின்னர், ஒரு தம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பாட்டின் பின் ஒவ்வொரு முறையும் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தானாக விழவிட வேண்டும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளிலேதான் உச்சத்தை அடையும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். முதல்நாள் பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறத்தில் இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுத்துவிட வேண்டும். நோவுக்குப் பரசிற்றமோல் போதுமாயின், வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணிக்கொரு தடவை எடுக்கலாம். நாளொன்றுக்கு எட்டுக் குளிசைக்கு மேற்படலாகாது. ஈரல் நோயுள்ளோர் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். அஸ்பிரின் இரத்தம் உறைவதைக் குறைப்பதால் நோவுக்கென்று அதைத் தாமாக எடுத்தல் கூடாது. ஆனால், இருதய நோய்க்காக அதை நாள்தோறும் எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. பல் எடுக்குமுன்பே வைத்தியருக்கு அதைச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்களுக்காகக் கடைக்குச் சென்று என்னென்ன வாங்குவது? என் வீட்டார் அன்போடு வாங்கி வந்தவற்றுட் பாதி பயன்படவில்லை. நிறமும் வாசனையும் கொண்ட வாய்கழுவும் மருந்துப் போத்தல் எரிச்சலையே தந்தது. வைத்தியர் எழுதித் தந்தாலன்றி அது வேண்டியதில்லை. வீட்டு உப்பே போதும். பழச்சாறு பிழியும் மின்சார யந்திரம் ஒரு நாள் ஓடியது. இன்று அலுமாரியின் மேல் இருக்கிறது. பருப்பையும் பூசினிக்காயையும் மசிக்க எங்கள் பழைய மத்தும் அரிதட்டுமே உதவின. வீட்டில் அரைக்கும் யந்திரம் உண்டாயின் நல்லதே. ஆனால், கொதிக்கும் சூப்பை அதில் ஊற்றி மூடி அரைத்தல் ஆபத்து. ஆறவிட்டே அரைக்க வேண்டும்.

உண்மையிற் பயன்பட்டவை நான்கு. ஒன்று, வெந்நீர்ப் பிளாஸ்க். இரவில் எழுந்து அடுப்பு மூட்டாமலே உப்புநீருக்கு இளஞ்சூடு கிடைத்தது; இன்றும் அது நாள்தோறும் தேநீருக்குப் பயன்படுகிறது. இரண்டு, சிறுவர்க்குரிய மெல்லிய தூரிகையுடைய பற்தூரிகை. மறுநாள் முதல் மற்றைப் பற்களைக் காயத்திற் படாமல் துலக்க அதனால் இயலும். மூன்று, உடற்சூடு பார்க்கும் கருவி. வாயிற் காயமுள்ளபோது அதைக் கமக்கட்டில் வைத்தே பார்க்க வேண்டும். நான்கு, மேலதிகமாக ஒரு தலையணை. தலையை உயர்த்திப் படுத்தால் வீக்கமும் இரத்தக் கசிவும் குறையும். அதற்குப் பழைய உறை ஒன்றை மாட்டிவிடுங்கள். வீட்டில் நெடுங்காலம் இருந்து உழைக்கும் பொருளையே நோயின் பெயரால் வாங்குவது சிக்கனம்.

உணவைப் பொறுத்தவரை, முதல்நாள் சூடு ஆறிய பால்கஞ்சி, தயிர், மசித்த வாழைப்பழம் ஆகியன நல்லவை. பின்னர், குழைந்த சோறும் பருப்பும், அரை அவியல் முட்டை, பாலில் ஊறிய பாண், பப்பாசிப்பழம், சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம் என்று படிப்படியாக ஏறலாம். பிட்டின் மணிகள் குழிக்குள் விழுந்து தங்கும், முறுக்கும் பொரியலும் காயத்தைக் குத்தும், மிளகாய்த்தூள் எரிக்கும். இவை சில நாள் காத்திருக்கட்டும்.

புகைத்தலும் வெற்றிலையும் காயம் ஆறும்வரை ஆகவே ஆகா. வெற்றிலை போடும் பெரியோர்க்கு இன்னுமொரு சொல். புகையிலை சேராத வெற்றிலையும், பாக்குத் தானும் புற்றுநோயை விளைப்பன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் வாய்ப் புற்றுநோயே. பல்லின் பொருட்டு ஒரு வாரம் விட்டவர்கள் அதை மீண்டும் தொடங்காமல் இருந்துவிடலாமே!

துணியைக் கடித்தும் நில்லாத இரத்தப் பெருக்கு, காய்ச்சல், மூன்றாம் நாளின் பின் குறையாமற் கூடும் நோவு, நீங்காத விறைப்பு ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாயின், அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பல் எடுத்த அன்றே நான் குனிந்து விறகு தள்ளி, மாலைச் சமையலைச் செய்தேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. ஆனால், எவரும் தடுக்கவுமில்லை. நான் பேசாமல் இருந்ததால் எனக்கு நோவில்லையென்று எண்ணினார்கள். நான்காம் நாள் வைத்தியரிடமிருந்து திரும்பியபோது, பதினாலு வயது மகன் கஞ்சி வைத்திருந்தான். அடி சிறிது பிடித்திருந்தது, உப்பும் கூடிவிட்டது. ஆயினும், அதைக் குடித்துவிட்டுப் பகலிலே படுத்து உறங்கினேன். மணமாகி வந்த பின் நோயில்லாத நாளில்கூட நான் அப்படி உறங்கியதில்லை. வீட்டுத் தலைவிக்குப் பல் எடுப்பதென்று நாள் குறித்தால், கடைச் சாமான்களின் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் எழுதுங்கள்: அந்த மூன்று நாளும் அடுப்படிக்குப் போவது யார் யார் என்று.