ஐந்தோடு நின்ற கோப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., கணினி அறிவியல்)

பானை நிறையச் சோறிருக்க, அகப்பை ஐந்தே பருக்கையோடு திரும்பினால் யாரைக் குறை சொல்வது? பானையையா, அகப்பையையா? சென்ற பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் எனக்கு எழுந்த ஐயம் இத்தகையதே.

ஒரு கோப்பில் எத்தனை பைட்டுகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லும் நிரலைச் 'சி' மொழியில் எழுதி, 'பிஎன்ஜி' வகைப் படக்கோப்பு ஒன்றைக் கொடுத்தேன். விண்டோஸ் காட்டிய அளவு 24,318 பைட். என் நிரல் சொன்னதோ 5! 'படக்கோப்பு பழுது' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதப் போனேன். அருகில் வந்த விரிவுரையாளர், "பழுதான படம் திரையில் இவ்வளவு தெளிவாகத் தெரியுமா, தம்பி?" என்றார். பேனாவை மூடினேன்.

வேறொரு படத்தைக் கொடுத்தேன்; அதற்கும் 5. மூன்றாவது படத்திற்கும் 5. தற்செயலாக நேரும் பழுது, மாறாமல் ஒரே விடையைத் தராது. இதன் பின்னே ஏதோ விதி இருக்கவேண்டும் என்று தோன்றியது. எனவே, படிக்கும் ஒவ்வொரு பைட்டின் மதிப்பையும் திரையில் காட்டச் செய்தேன். வந்தவை: 137, 80, 78, 71, 10.

பிஎன்ஜி கோப்பு எதுவாயினும் அதன் முதல் எட்டுப் பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டதும் குட்டு வெளிப்பட்டது. 13 மறைந்துவிட்டது, 26-ஐத் தொட்டதும் வாசிப்பு நின்றுவிட்டது.

இதன் வேர் பழையது. 1974-இல் கேரி கில்டால் உருவாக்கிய 'சிபி/எம்' இயக்க முறைமை, கோப்பின் அளவை 128 பைட் கொண்ட கட்டுகளாகவே கணக்கு வைத்தது. கடைசிக் கட்டில் உரை எங்கே முடிகிறது என்பதைக் காட்ட 26 என்ற எண் இடப்பட்டது. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ், கோப்பின் அளவைப் பைட் பிசகாமல் குறித்தது. ஆயினும் பழைய வழக்கம் தொடர்ந்தது. இன்றும் விண்டோஸின் சி நூலகம், 'உரை' முறையில் திறந்த கோப்பில் 26-ஐக் கண்டால் முடிந்துவிட்டது என்கிறது. 13, 10 என்ற வரிமுடிவு இணையை 10 ஆகச் சுருக்குகிறது. லினக்ஸில் இந்த வேறுபாடு இல்லை. அங்கே என் நிரல் முழு அளவையும் சொன்னது.

வியப்பு என்னவெனில், இத்தகைய தவறுகளைக் காட்டிக் கொடுப்பதற்காகவே, 1996-இல் வெளியான பிஎன்ஜி வரையறை அவ்வெண்களைத் தலைப்பில் வைத்திருக்கிறது! விரித்த வலையில் நானே போய் விழுந்தேன்.

மருந்து ஒரே எழுத்து. கோப்பைத் திறக்கும்போது 'ஆர்' என்பதற்குப் பதில் 'ஆர்பி' என்று எழுதினால், பைட்டுகள் உள்ளது உள்ளபடியே வரும். 1989-இல் வந்த சி மொழித் தரத்திலேயே இது உண்டு. எழுதினேன், விடை 24,318.

நண்பர்களே, பிழை நேர்ந்தால் உடனே கோப்பைப் பழிக்க வேண்டாம். கணிப்பொறியையும் பழிக்க வேண்டாம். உள்ளே வந்த பைட்டுகளை முதலில் பாருங்கள். அன்று பேனாவை மூடியிராவிட்டால், ஒரு பொய் என் கையெழுத்தோடு ரெக்கார்டு நோட்டில் நிலைத்திருக்கும்.