ஒளிவினையூக்கி வழி அம்மோனியா தயாரிப்பு

ஒளிவினையூக்கி வழி அம்மோனியா தயாரிப்பு என்பது, காற்றிலுள்ள நைட்ரஜனையும் நீரையும் ஓர் உலோகச் சேர்மத்தின் துணையுடன் சூரிய ஒளியில் வினைபுரியச் செய்து அம்மோனியா பெறும் முறையாகும். இது இன்னும் ஆய்வக நிலையிலேயே உள்ளது.

கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் பகுதி வயல்களுக்கு இடும் யூரியா, அம்மோனியாவிலிருந்தே கிடைக்கிறது. தூத்துக்குடி ஸ்பிக் ஆலை உட்பட உர ஆலைகள் ஹேபர்-பாஷ் முறையைப் பின்பற்றுகின்றன. இதற்கு 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும் மிகுந்த அழுத்தமும் தேவை. நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பு அவ்வளவு வலிமையானது. அதை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜனுக்கோ இயற்கை எரிவாயு அல்லது நாப்தாவை நம்பியிருக்க வேண்டும்.

செயல்படும் விதம்

பெரிதும் ஆராயப்பட்ட வினையூக்கி டைட்டானியம் டைஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள ரூட்டைல் கனிமமும் இதுவே. இக்குறைகடத்தியின் மேல் ஒளி விழும்போது எலக்ட்ரான் ஒன்று மேல்மட்டத்துக்குத் தாவ, அது இருந்த இடத்தில் 'துளை' உண்டாகிறது. துளை நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, ஆக்சிஜன் வெளியேறுகிறது. தாவிய எலக்ட்ரான்களும் நீரின் புரோட்டான்களும் நைட்ரஜனைச் சேர்ந்து அம்மோனியாவாக்குகின்றன. ஆனால் பெரும்பாலான எலக்ட்ரான்கள் வேலை செய்யும் முன்பே துளைக்குள் திரும்பி விழுந்துவிடுகின்றன. மேலும், இச்சேர்மம் புற ஊதாக் கதிரை மட்டுமே ஏற்கும். வெயிலில் அது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இக்குறைகளைப் போக்கவே இரும்பு முதலிய உலோகங்களைச் சிறிதளவு கலக்கின்றனர்.

வரலாறு

1977-இல் அமெரிக்காவின் ஷ்ராவ்ஸரும் கத்தும் வெளியிட்ட கட்டுரையே தொடக்கம் எனப் பல நூல்கள் கூறும். அலகாபாத் பல்கலைக்கழக வேதியியலர் நீல்ரத்தன் தர் இதற்கு வெகுமுன்பே வழிகாட்டியவர். சாணம், கரும்பாலைக் கழிவுப்பாகு போன்றவை கலந்த மண்ணை இருட்டில் வைப்பதைவிட வெயிலில் வைத்தால் நைட்ரஜன் கூடுதலாகச் சேர்கிறது என்றும், நுண்ணுயிர் நீக்கிய மண்ணிலும் இது நிகழ்கிறது என்றும் அவர் குழுவினர் 1940-களிலேயே எழுதினர். அக்காலத்தில் பலர் இதை ஏற்கவில்லை.

ஐயங்கள்

ஐயம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. கிடைக்கும் அம்மோனியா மிகச் சொற்பம். அதே அளவு அம்மோனியா ஆய்வாளரின் மூச்சிலும், கையுறையிலும், ஆய்வக நீரிலும் இருக்கக்கூடும். எனவே நைட்ரஜன்-15 என்னும் ஐசோடோப்பைச் செலுத்தி, விளைந்த அம்மோனியாவிலும் அதுவே உள்ளதா எனப் பார்க்கின்றனர். அந்த உருளையிலேயே அம்மோனியா மாசு இருக்கலாம் என்பதால் வாயுவையும் முதலில் தூய்மையாக்க வேண்டும். விளக்கை அணைத்து ஒரு முறையும், நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானைச் செலுத்தி ஒரு முறையும் சோதனையைச் செய்வர். அப்போதும் அதே அளவு அம்மோனியா தென்பட்டால், அது வினையூக்கி தந்ததல்ல, வெளியிலிருந்து வந்தது.