புகையிலையும் நீரிழிவும் ஈறு நோய்ச் சிகிச்சையும்

பல் துலக்கும்போது ஈற்றில் இரத்தம் கசிவதே ஈறு நோயின் முதல் அறிகுறி என்று பள்ளிகளிலும் கிராமங்களிலும் போதித்து வருகிறோம். இது சரியே. ஆயினும் புகைபிடிப்பவரிடத்தில் இவ்வறிகுறி பெரும்பாலும் மங்கியே காணப்படும். நிகோடின் ஈற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளே கரைந்துகொண்டிருக்கையிலும் ஈறு வெளுத்து, இறுகி, நோயற்றதுபோல் தோன்றும். இரத்தம் வரவில்லை என்று அவர் கூறுவதை மட்டும் கொண்டு, நோயில்லை எனக் களப் பணியாளர் முடிவு செய்யலாகாது.

பல்லிலும் ஈற்றின் அடியிலும் படிந்துள்ள காறையைச் சுரண்டி அகற்றுவதே இந்நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை. ஒரே மருத்துவர் ஒரே முறையில் இருவருக்கு இதனைச் செய்தாலும் பலன் ஒன்றாயிராது. புகைபிடிப்பவருக்கு வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றியிருக்கும். புண் ஆறுவதும் தாமதமாகும். 2017-ஆம் ஆண்டின் சர்வதேச நோய்ப் பாகுபாடு, நாளொன்றுக்கு 10 சிகரெட்டுக்குக் குறையாமல் பிடிப்பவரது ஈறு நோயை, விரைந்து முற்றக்கூடிய வகுப்பில் சேர்த்திருப்பது இது பற்றியே.

நம் நாட்டிலோ மெல்லும் புகையிலையே மிகுதி. 2016-17 கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 21.4 சதவீதத்தினர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தினர். அதனை ஒதுக்கி வைக்குமிடத்தில் ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளிப்படும். மகாராஷ்டிரத்தில் வறுத்த புகையிலைப் பொடியாகிய 'மிஸ்ரி'யால் பல் தேய்ப்போர் அதனைப் புகையிலை என்றே எண்ணாதிருத்தல் கூடும். புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்பதினும், "எதைக் கொண்டு பல் தேய்க்கிறீர்கள்?" என்று வினவுதலே தக்கது.

நீரிழிவின் தொடர்பு இருவழிப்பட்டது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பின் ஈற்றின் அழற்சி தணியாது. மறுபுறம், ஈற்றுக்குச் சிகிச்சை செய்தபின் மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாகச் சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறிதாயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. நீரிழிவு நோயாளரைப் பல் மருத்துவரிடம் அனுப்புவதற்கு இதுவே போதிய காரணம். அதற்காக மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதன்று.

வலிப்புக்குத் தரும் பெனிடாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்வதுண்டு. மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறச் செய்க.

புகைபிடித்தலை விட்ட சில வாரங்களில் ஈற்றில் இரத்தம் கசியத் தொடங்கலாம். புகையை விட்டதே தீங்காயிற்று என நோயாளர் அஞ்சி, பழைய பழக்கத்துக்குத் திரும்ப இடமுண்டு. மறைந்திருந்த அழற்சி இப்பொழுது வெளிப்படுகிறது என்பதை அவருக்கு முன்னதாகவே எடுத்துரைத்து, அத்தருணத்திலேயே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.