சைனஸ் தொல்லைக்கு ரீங்கார மூச்சு

காந்திபுரத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் தைல வாசனை இல்லாத நாள் குறைவு. சுண்ணக்கட்டித் தூசு, பேருந்துப் புகை, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று என மூக்கடைப்புக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

மூக்கடைப்பு, சளி, முகவலி 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி. கன்ன எலும்புக்குள் உள்ள காற்றறையின் துவாரம் அதன் மேற்பகுதியில் இருக்கிறது. குடத்து நீரைப் போல, சளி தானாக வடியாது. நுண்மயிர்கள்தாம் மேலே தள்ள வேண்டும். துவாரம் வீங்கி அடைத்தால் சளி தேங்கிவிடும்.

பிராமரி எளிய பயிற்சி. மூக்கால் மூச்சை இழுத்து, வாயை மூடி, 'ம்ம்ம்' என்று வண்டுபோல ஒலித்தபடி மூக்கால் விட வேண்டும். இப்படி ஒலித்து விடும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, அமைதியாக விடுவதைவிட 15 மடங்கு கூடுவதை 2002இல் சுவீடனின் வெயிட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் கண்டறிந்தனர். சைனஸ் அறைகளில் உருவாகும் இவ்வாயு கிருமிகளை எதிர்க்கக்கூடியது. அதிர்வு அறைக்குள் காற்றைப் புதுப்பிக்கிறது. ஒலிப் பாடத்தின்போது என் மாணவர்கள் கன்னத்தில் விரல் வைத்து அதை உணர்ந்து சிரித்தார்கள்.

ஆனால் அந்த 15 மடங்கு நலமாக இருந்தவர்களிடம் கண்டது. துவாரம் முழுதும் அடைபட்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. எனவே முதலில் மருத்துவரின் சிகிச்சையால் அடைப்பு திறக்கட்டும். பயிற்சி அதற்குத் துணை. நான் தினமும் ஐந்து முறை செய்கிறேன், மூக்கில் அடிக்கும் மருந்தையும் விடவில்லை.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் காய்ச்சலுடன் தலைவலி இருந்தால், மாணவரோ ஆசிரியரோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.