பால்மரத்தடிப் பாட்டு – 14: டெட்ராய்ட்டுக்குப் போன பால்

போன வாரம், ஆட்டம் போட மண்டபத்துச் சாவி கிடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் பேச்சுப்போட்டிக் கோஷ்டி, டான்ஸ் கோஷ்டி என்று இரண்டு இருந்ததும், நான் டான்ஸ் கோஷ்டியில் இருந்ததும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் பினாங்கு அலிகேட்ஸ் பாட்டுக்குழுச் சகோதரர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை இரவு ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. ஒரு சங்கிலி பற்றிய செய்தி. அதிலிருந்து வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். சங்கிலிக்கு வருகிறேன். முதலில் அந்தச் சனிக்கிழமை.

1971. சம்பளச் சனி. கோலா குபு பாருவிலிருந்து கெர்லிங் போகிற வழியில், பெரிய சாலையை விட்டு இரண்டு கட்டை (மைல்) உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். மண்டபம் என்று பெயர்தான். பலகைச் சுவர், தகரக் கூரை. பகலில் அதுதான் ஆயாக்கொட்டகை. பால்வெட்டுக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகள் தூங்கிய சேலைத் தொட்டில்களைச் சுருட்டி உத்தரத்தில் செருகியிருந்தோம். தோட்டத்து இஞ்சின் பத்து மணிக்கு நின்றுவிடும், விளக்கு போய்விடும் என்பதால் பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பிளேயர், இரண்டு மண்ணெண்ணெய் விளக்கு. பேட்டரி இறங்க இறங்கப் பாடுகிறவனின் குரல் கனத்துக்கொண்டே போகும். கடைசி அரைமணி நேரம் எல்லாப் பாட்டும் சோகப் பாட்டுதான்.

பெண்பிள்ளைகள் ஆட வரவில்லை. சன்னலுக்கு வெளியே நின்று சிரித்தார்கள். உள்ளே பதினைந்து பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஆடினோம். ஆட்டம் என்றால், பாதி சினிமாவில் பார்த்தது, பாதி திருவிழாவில் உருமி மேளத்துக்கு ஆடியது.

பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்தவர் தோட்டத்துக் கிராணியின், அதாவது கணக்கரின், மூத்த மகன். கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தார், எங்களுக்கெல்லாம் அண்ணன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஆறு தட்டுகள். கறுப்பு லேபிளில் வெள்ளி எழுத்து. விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த ஒருவன் கத்தினான்: "டேய், தமிழா மோட்டவுன்னு போட்டிருக்குடா!"

"தமிழா இல்லடா, தம்லா" என்றார் அண்ணன்.

எங்களுக்கு அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு வருடமும் எங்கள் லயத்து வீடுகளில் அது தமிழா மோட்டவுன்தான். மன்றத்தின் பேச்சுப்போட்டிக் கோஷ்டியிடமும் அதையே காட்டி வாதாடினோம். "அண்ணே, நாங்க என்ன கெட்டுப்போன பாட்டா போடுறோம்? பேர்லயே தமிழ் இருக்கு பாருங்க." கோ. சாரங்கபாணி தமிழ் முரசுப் பத்திரிகையில் மாணவர் மணிமன்றத்தை வளர்த்து, அது மலாயாத் தோட்டங்கள் வரை இளைஞர் மன்றங்களாகப் பரவிய காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். குறளை எடுத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்த வாதத்துக்கு மட்டும் உடனே பதில் வரவில்லை.

தம்லா எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய நாற்பது வருடமானது. 1957இல் டெபி ரெனால்ட்ஸ் என்ற வெள்ளைக்கார நடிகை 'டாமி' என்றொரு மெல்லிய சினிமாப் பாட்டுப் பாடினார். அமெரிக்காவே முணுமுணுத்தது. டெட்ராய்ட்டில் பெரி கோர்டி என்ற கறுப்பு இளைஞர் தன் கம்பெனிக்கு 'டாமி' என்று பெயர் வைக்கப் பார்த்தார். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் திருகித் 'தம்லா' ஆக்கினார். அவ்வளவுதான் கதை. மோட்டவுன் என்பது கார் பட்டணமான டெட்ராய்ட்டின் செல்லப்பெயர். அமெரிக்காவில் தம்லா தனி லேபிள், மோட்டவுன் தனி லேபிள். 1965இல் பிரிட்டனில் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக அச்சடித்தார்கள். நம் பக்கம் வந்தது அந்தச் சேர்ந்த பெயர்.

சரி, பாட்டு. முதலில் போட்டது நான்கு பேர் கொண்ட ஃபோர் டாப்ஸ் குழுவின் 1966ஆம் வருடத்து 'ரீச் அவுட் ஐல் பீ தேர்'. எங்களுக்கு வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. குரல் விளங்கியது. மண்டபத்துக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கேட்டாள்:

"யாருடா அது, ராத்திரி முழுக்க அழுதவன்? எழவு வீடா?"

"இல்ல பாட்டி. அது காதல் பாட்டு."

"ஆம்பளப் புள்ள இப்படியா மாரடிப்பான்?"

பாட்டி ஒப்பாரி வைப்பதில் பேர்போனவள். சாவு விழுந்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட ஆள் வந்து கூட்டிப்போகும். அவள் காது தப்பவில்லை. அந்தக் குழுவின் முன்பாடகர் லீவை ஸ்டப்ஸுக்கு இயல்பிலேயே தாழ்ந்த, கனத்த குரல். பாட்டு எழுதிய ஹாலந்து, டோசியர், ஹாலந்து மூவரும் வேண்டுமென்றே அவருக்கு எட்டாத உயரத்தில் சுருதி வைப்பார்களாம். அவர் எட்டிப் பிடிக்கிறபோது குரல் நைந்து கெஞ்சும். அந்தக் கெஞ்சல்தான் வேண்டும். நல்ல ஒப்பாரிக்காரியும் அதையேதான் செய்கிறாள். தொண்டைக்குச் சௌகரியமான இடத்தில் நின்று யாரும் மாரடிப்பதில்லை.

இந்த வகைப் பாட்டுக்கு 'சோல்' என்று ஏன் பெயர், தேவாலயப் பாட்டிலிருந்து அது எப்படிக் கிளைத்தது என்பதெல்லாம் பெரிய கதை. சுருக்கமாக ஒன்று மட்டும்: 1954இல் ரே சார்ல்ஸ் ஆண்டவரைப் பாடுகிற பாணியில் காதலியைப் பாடினார், பக்தர்கள் கொதித்தார்கள். மாரியம்மன் தாலாட்டு மெட்டில் ஒருவன் டூயட் போட்டால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அத்தனை சின்னப் பெட்டியில், தேய்ந்த பேட்டரியில், தகரக் கூரைக்குக் கீழே ஃபோர் டாப்ஸ் பாட்டு ஏன் அத்தனை தெளிவாகக் கேட்டது? மற்றத் தட்டுகள் கரகரத்தன. இதற்கும் காரணம் உண்டு. மோட்டவுன்காரர்கள் ஒலிப்பதிவு முடிந்ததும் கார் ரேடியோவில் இருப்பது போன்ற சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள். அதில் எடுபட்டால்தான் தட்டு வெளியே போகும். கார் வாங்கிய பிள்ளைகள் காரில்தான் பாட்டுக் கேட்டார்கள். காருக்காகச் செய்த சத்தம், காரே இல்லாத எங்களுக்கும் பொருந்திவிட்டது.

கார் என்றதும் சங்கிலி.

1965இல் மார்த்தா ரீவ்ஸும் வாண்டெல்லாஸும் பாடிய 'நோவேர் டு ரன்'. அண்ணன் கொண்டுவந்த ஆறில் அதுவும் ஒன்று. கஞ்சிராவின் அண்ணன் மாதிரி ஒரு டம்பூரின் சத்தத்தோடு, 'சக் சக்' என்று இரும்பு அரைபடும் சத்தம் ஒன்று பாட்டு முழுக்கக் கேட்கும். என்ன வாத்தியம் என்று ஐம்பது வருடமாக யோசித்திருக்கிறேன். வாத்தியமே இல்லை. பனி கொட்டுகிற ஊர்களில் கார் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி போடுவார்கள். அந்தச் சங்கிலியை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து குலுக்கியிருக்கிறார்கள்!

டயர்ச் சங்கிலி. பால்மரத் தோட்டத்து மண்டபத்தில் நாங்கள் ஆடியது டயர்ச் சங்கிலிக்கு.

அதோடு விடவில்லை. அந்தப் பாட்டைத் தொலைக்காட்சிக்குப் படம் பிடித்த இடம் ஃபோர்டு கம்பெனியின் ரிவர் ரூஜ் தொழிற்சாலை. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, நகர்ந்து வருகிற முஸ்டாங் கார்களுக்கு நடுவே அந்த மூன்று பெண்களும் பாடிக்கொண்டு போகிறார்கள். தொழிலாளர்கள் திருகாணி முடுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். செவ்வாய் இரவிலிருந்து இதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். வீட்டில் திட்டு.

பெரி கோர்டியே அந்த வரிசையிலிருந்து வந்தவர்தான். லிங்கன் மெர்க்குரி தொழிற்சாலையில் வாரம் 86 டாலர் 40 காசு சம்பளத்துக்கு நின்றார். வேலை அலுப்பு, மனத்துக்குள் பாட்டுக் கட்டுவார். வெறும் சட்டமாக ஒரு முனையில் நுழைகிற கார் பளபளவென்று மறுமுனையில் வெளியேறுவதைப் பார்த்துப் பார்த்து, பாடகர்களையும் அப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். ஒரு அறையில் பாட்டு எழுதுவது, ஒரு அறையில் பதிவு, ஒரு அம்மாள் நடை உடை சொல்லிக்கொடுக்க, வாரம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து எந்தத் தட்டு தேறும் என்று ஓட்டுப் போட.

முதலீடு 800 டாலர், 1959 ஜனவரியில். அதுவும் வங்கி கொடுத்ததில்லை. குடும்பத்தில் எல்லோரும் மாதம் இவ்வளவு என்று ஒரு பொதுப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள், அதிலிருந்து கடன். லயத்துப் பெண்கள் பிடித்த கூட்டுப் பணம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கோர்டியின் அப்பா ஜார்ஜியாவில் விவசாயி. 1922இல் மரம் விற்று 2,600 டாலருக்குக் காசோலை கைக்கு வந்தது. ஒரு கறுப்பனிடம் அத்தனை பணமா என்று ஊர் வெள்ளைக்காரர்கள் கண் வைப்பார்கள் என்று பயந்து, அதை மாற்ற டெட்ராய்ட் வரை போனவர் திரும்பவே இல்லை. ஏறக்குறைய அதே வருடங்களில் என் தாத்தா கங்காணியோடு கப்பலேறினார். அவரிடம் காசோலை ஏதும் இல்லை.

இப்போது பாலுக்கு வருவோம். விடிவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். வாளி வாளியாக ஸ்டோருக்குப் போகும் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, தகடாக உருட்டி, புகை போட்டுக் காயவைத்து, கட்டுக் கட்டாகக் கோலா குபு ரோடு ரயில் நிலையத்துக்கு அனுப்புவார்கள். (வெள்ளத்துக்குப் பயந்து ஊரையே இடம் மாற்றியவர்கள் நாங்கள்; ரயில் நிலையம் மட்டும் ஊருக்குத் தள்ளியே நின்றது.) அங்கிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம், அதுதான் 1972க்குப் பிறகு போர்ட் கிள்ளான். அங்கிருந்து கப்பல். 1920களில் உலகத்து ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கியது அமெரிக்கா. அதில் பெரும்பங்கு டயராக மாறிய ஊர் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் மூன்றும் அங்கேதான். பக்கத்து மாநிலத்து டெட்ராய்ட்டுக்கு டயர் போனது அங்கிருந்து.

1922இல் ஆங்கிலேயர்கள் ஸ்டீவன்சன் திட்டம் போட்டு மலாயா ரப்பர் ஏற்றுமதியைச் சுருக்கி விலையை ஏற்றினார்கள். ஹென்றி ஃபோர்டுக்குப் பொறுக்கவில்லை. பிரேசில் காட்டில் சொந்தத் தோட்டமே போட்டார், 1928இல். ஃபோர்ட்லாந்தியா என்று பெயர். அமெரிக்க வீடு, அமெரிக்கச் சாப்பாடு, குடிக்கத் தடை. பொழுதுபோக்கு என்ன தெரியுமா? தொழிலாளர்களுக்குச் சதுர நடனம்! ஃபோர்டுக்குப் பிடித்த பழைய கிராமத்து ஆட்டம். ஜாஸ் அவருக்கு ஆகாது. தோட்டத்து மண்டபத்தில் யார் எதற்கு ஆட வேண்டும் என்று அவரும் கோஷ்டி கட்டியவர்தான். மரங்களை இலைக் கருகல் தின்றது. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டுப் போனார்கள். நம் மரத்தின் பூர்வீகமே பிரேசில். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் விதை எடுத்து லண்டனுக்கு அனுப்பியதிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. பிறந்த மண்ணில் வரிசை கட்டி நட்டால் அது வாழாது, கெர்லிங்கில் வாழ்ந்தது.

யுத்தத்துக்குப் பிறகு டயரில் நம் பாலோடு ரசாயன ரப்பரும் கலந்துவிட்டது. முஸ்டாங் டயரில் எங்கள் தோட்டத்துப் பால் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் யாரும் செய்ய முடியாது.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபோது மணி இரண்டு. மறுநாள் ஞாயிறானாலும் வெட்டு இருந்தது. ஐந்தரைக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. தூங்காத கண்ணோடு அம்மாவுக்கு ஒத்தாசையாக மர நிரையில் இறங்கினேன். பால் பிடிக்கும் மங்கு துடைத்துக்கொண்டே வாளியின் கைப்பிடியை மரத்தில் தட்டினேன், சக் சக் என்று. அம்மா திரும்பாமலே சொன்னாள்: "மங்க ஒடச்சிடாதடா. காசு புடிப்பாங்க."

ஆக, அலிகேட்ஸ் அடுத்த வாரம். ஆறுமுகத்தின் பிள்ளைகள் டேவிட்டும் லோகநாதனும் பரட்டைத் தலையோடு மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே மயக்கிய கதை. 1975இல் முகமது அலி மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு மோதியபோது எங்கள் லயத்தில் முடி வெட்டுபவருக்குப் பிழைப்பு போன கதை. இந்த வாக்குறுதி மூன்றாம் முறை என்பது எனக்கும் தெரியும்.

ஒரு வேண்டுகோள். ராசா, கலும்பாங், பத்தாங் காலி, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் வீட்டுப் பரணில் அந்தக் கறுப்பு லேபிள் தட்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், வெயில் படாமல். என்னிடம் இருந்த ஒன்றைச் சன்னலோரம் வைத்திருந்தேன். அது வளைந்து கிண்ணமாகிவிட்டது. இப்போது அதில் சாவி போட்டு வைக்கிறோம்.