நின்றுபோன டாஸ்க்கை யார் கவனிப்பது?

ஓசூர் சிப்காட்டிலிருந்து ஜுஜுவாடி எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. இப்படி அனுப்பும் சரக்குக்கு பில், ஸ்டாக், டிஸ்பேட்ச் என்று பகலில் ஏறும் கணக்கை கிளவுட் டேட்டாபேஸில் வைத்திருக்கும் நிறுவனங்களில், இரவோடு இரவாக அதைத் தொகுத்துக் காலையில் அறிக்கையாக நீட்டுவது நேரம் குறித்துவைத்த ஒரு ‘டாஸ்க்’.

அது ஓடித் தோற்றால் பிழை பதிவாகும். நிறுத்தப்பட்டுவிட்டால் பதிவாக ஒன்றுமே இருக்காது. நேற்றைய ஸ்டாக்கே இன்றும் திரையில் நிற்கும்; பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பரவலாகப் பயன்படும் கிளவுட் டேட்டாபேஸான ஸ்னோஃப்ளேக்கை எடுத்துக்கொள்வோம். அதில் புதிதாக எழுதும் டாஸ்க் நிறுத்திய நிலையில்தான் பிறக்கிறது; நாம்தான் ஓடவிட வேண்டும். எழுதியதையே திருத்தி மறுபடி உருவாக்கினாலும் அதே கதை. டாஸ்க்கின் உரிமை வேறு கைக்கு மாறினாலும் அது நின்றுவிடும். இவை போக, இயல்பு அமைப்பில் தொடர்ந்து 10 முறை தோற்றால் தானாகவே நிறுத்திவிடும் ஏற்பாடும் உண்டு. ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஓடுவதற்கு இந்தப் பத்து ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். தினசரி டாஸ்க்குக்குப் பத்து நாள். ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் விட்டுவைப்பது சோம்பேறித்தனம்.

‘நேற்று எத்தனை டாஸ்க் தோற்றன?’ என்று மட்டும் கேட்கும் கண்காணிப்பு இங்கே உதவாது. ஓடாதது தோற்பதில்லை, எனவே பதில் பூஜ்யம். ஒவ்வொரு டாஸ்க்கும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக எப்போது வெற்றிகரமாக முடிந்தது என்று கேட்க வேண்டும். நிறுத்தப்பட்ட காரணத்தையும் டாஸ்க் பட்டியலே காட்டும். உடனடி வரலாறு ஏழு நாள்தான் கிடைக்கும். ஓராண்டு வரலாறு வேறிடத்தில் உண்டு, அது சற்றுத் தாமதமாக வரும். இதைவிட நம்பகமானது தரவின் வயதைப் பார்ப்பது: தினசரி அட்டவணையின் கடைசி வரி ஒன்றரை நாள் பழசானால் எச்சரிக்கை. அந்தச் சோதனையையும் அதே டேட்டாபேஸில் இன்னொரு டாஸ்க்காக வைத்தால், அதுவும் ஒருநாள் சத்தமில்லாமல் நிற்கலாம்.

எச்சரிக்கை போய்ச் சேருகிறதா என்பது தனிக் கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, தினசரி பேக்கப் ஓடிக்கொண்டிருந்தும் மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோற்றுவந்தது தெரியவந்தது. தோல்வி மின்னஞ்சல்கள் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் எவருக்கும் எட்டவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது.

டாஸ்க்கை மீண்டும் ஓடவிட்டால் விட்டுப்போன ஓட்டங்கள் தாமாக நடக்காது. அட்டவணையின் மாற்றங்களைப் பின்தொடரும் ‘ஸ்ட்ரீம்’ வழியாகப் படிக்கும் டாஸ்க் என்றால் நிலுவை மொத்தமாக வந்துசேரும். அதற்கும் இயல்பு அமைப்பில் 14 நாள் வரைதான் தவணை. பிறகு ஸ்ட்ரீமைப் புதிதாக உருவாக்கி, இடைப்பட்ட கணக்கை மூலத்திலிருந்து ஏற்ற வேண்டும்.