சரிவுக்கு எவ்வளவு எடை? பினாங்கின் நிலச்சரிவு வரைபடங்கள்

பாயான் பாருவின் அடுக்குமாடிகளிலிருந்து நோக்குவோர்க்குக் குன்றுகள் தொலைவில் இல்லை. புக்கிட் ஜம்புலையும் பாயா தெருபோங்கையும் இணைக்க அக்குன்றுகளினூடே சாலை அமைக்கப்பட்டபோது, புக்கிட் கூக்குஸ் பணியிடத்தில் 2018 அக்டோபர் 19ஆம் நாள் மண் சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, அக்டோபர் 21 அன்று, தஞ்சோங் பூங்காவின் கட்டுமானத் தளமொன்றில் 11 பேர் மண்ணில் புதைந்து இறந்தனர். இத்தகைய இடங்களை ஒரு வரைபடம் முன்னரே காட்ட இயலுமா?

பினாங்கு மலைகள் கருங்கல்லால் ஆனவை. வெப்பமும் மழையும் அக்கல்லைச் சிதைத்துத் தடித்த மண்போர்வையாக்குகின்றன. நீர் ஊறும்போது மண்துகள்களுக்கிடையே நீரழுத்தம் ஏறுகிறது, பிடிப்புத் தளர்கிறது. ஆகவே சரிவுக்கோணம், மண்வகை, மழையளவு, ஓடைக்கும் சாலைவெட்டுக்கும் உள்ள தொலைவு, தாவரப்போர்வை ஆகியவற்றைத் தனித்தனிப் படலங்களாகக் கணினியில் அடுக்குகின்றனர். நிலம் சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு காரணியிலும் மதிப்பெண் பெறும்.

எக்காரணிக்கு எவ்வளவு எடை என்பதே கடினமான வினா. தாமஸ் சாட்டி 1970களில் வகுத்த படிநிலைப் பகுப்பாய்வு முறை இதற்கு உதவுகிறது. காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை மதிப்பிட வேண்டும். சரிவுக்கோணம் சாலைவெட்டைவிட 3 மடங்கும், தாவரப்போர்வையைவிட 5 மடங்கும் முக்கியம். சாலைவெட்டு தாவரத்தைவிட 2 மடங்கு முக்கியம் என்போம். கணக்கிட்டால் எடைகள் முறையே ஏறத்தாழ 0.65, 0.23, 0.12 ஆகும். கூர்ந்து நோக்கின் ஒரு முரண் உண்டு: மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு, நாம் சொன்னதோ ஐந்து. மனிதர் மதிப்பீட்டில் இத்தகைய பிசகு இயல்பே. அதை அளக்கும் இசைவு விகிதம் 0.1க்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது சாட்டியின் வரம்பு.

ஆனால் இசைவு வேறு, உண்மை வேறு. தவறான கருத்தையும் ஒருவர் முரணின்றிச் சொல்லலாம்! எனவே முன்பு சரிந்த இடங்களின் பதிவேட்டோடு வரைபடத்தை ஒப்பிடுவது கட்டாயம்.

அதன் பின்னும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. பினாங்கின் கட்டமைப்புத் திட்டம் 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவையும் மலைநிலமாகக் கருதிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறது. உயரமும் சரிவும் அளவெடுத்த நாளின் நிலத்தையே காட்டும். மண்வாரி எந்திரம் நேற்று வெட்டிய செங்குத்துச் சுவர் அத்தரவில் இராது. முன்சொன்ன இரண்டும் பணி நடந்துகொண்டிருந்த தளங்கள் என்பதை நினைக்க வேண்டும். வரைபடம் எங்கே எனச் சொல்லும், எப்போது எனச் சொல்லாது. பணி தொடங்கிய தளத்தில் ‘எங்கே’ என்பதும் நாளுக்கு நாள் மாறும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். ஒரே தரவை இரு குழுக்களிடம் தந்து, எடைகளை அவரவரே இடச் சொல்லுங்கள். இரண்டு படங்களிலும் சிவப்பாகும் கட்டங்களைவிட, ஒன்றில் சிவந்து மற்றொன்றில் பசுமையாகும் கட்டங்களைப் பற்றியே மாணவர் நெடுநேரம் வாதிடுவர்.